படம் போட்டால் போதுமா? எச்சரிக்கைக் குறியீடுகளை யார், எப்படிப் படிக்கிறார்கள்

சாயக்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கெமிக்கல் ஸ்டோரும் பாதுகாப்பும் என் பொறுப்பு. ஆட்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான், ஆனால் அவர்களிலும் சிலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும் என்று கேட்டபோது முதலாளி சொன்னது: "மூணு மொழியில எழுதி வெச்சா மட்டும் யார் நின்னு படிக்கப் போறா? படத்தைப் போடுங்க. படம்னா எல்லாருக்கும் புரியும்."

இதில் எனக்குச் சந்தேகம் வரக் காரணம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனிடம் ஸ்டோரை ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தார்கள். நல்ல கெட்டிக்காரன். லேபிளில் உள்ள எழுத்து எதுவும் அவனுக்குத் தெரியாது, அதனால் படத்தை வைத்துப் பிரித்து அடுக்கியிருக்கிறான். சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீ எரிகிற படம் இருந்ததெல்லாம் ஒரு மூலையில். பார்த்தால் ஹைட்ரோஸ் டின்களும் பெராக்சைடு கேன்களும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன! சாயப்பட்டறையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: ஹைட்ரோஸ் என்பது சாயவேலைக்கான ரசாயனப் பொடி, ஈரம் பட்டால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். பெராக்சைடு (துணி வெளுக்கும் திரவம்) தான் எரியாது, ஆக்சிஜனைக் கொடுத்து மற்றதை எரியவைக்கும். இரண்டும் ஒரே மூலையில் இருக்கவே கூடாது.

இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன தெரியுமா? பெராக்சைடு படத்தில் தீக்கு அடியில் ஒரு வட்டம் இருக்கும். அவ்வளவுதான். குறியீட்டைப் பார்க்காமல் அடுக்கியிருந்தால் அவனைத் திட்டியிருக்கலாம். பார்த்துத்தான் அடுக்கியிருக்கிறான்.

உடனே பிரித்து வைத்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. என் கேள்வி இதுதான்: மொழி தெரியாதவருக்கும் தானாகப் புரிகிற படம் என்று ஏதாவது உண்டா? இல்லையென்றால் நான் சுவரில் எதை மாட்டுவது?

---

கோலப்புள்ளி எழுதியது:

நான் வடிவமைப்புத் துறையில் இருப்பவள். உங்கள் முதலாளி சொல்வதில் பாதி சரி என்றே நினைக்கிறேன். உலகம் முழுக்க விமான நிலையங்கள் படத்தை நம்பித்தான் ஓடுகின்றன. பாதுகாப்புப் பலகைகளுக்கு ஐஎஸ்ஓ 7010 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை. சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு என்றால் செய்யாதே. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய் (கையுறை போடு, கண்ணாடி போடு). பச்சைச் சதுரம் என்றால் தப்பிக்கும் வழி, முதலுதவி. வடிவமும் நிறமும் சேர்ந்து பாதி வேலையைச் செய்துவிடும், உள்ளே இருக்கும் படம் மீதியைச் செய்யும்.

டின்னில் இருக்கும் சிவப்புச் சாய்சதுரம் வேறு குடும்பம். அது ஐநாவின் ரசாயன வகைப்பாட்டு முறை, 2003இல் முதல் பதிப்பு வந்தது, மொத்தம் ஒன்பது படங்கள். அது சரக்கை அனுப்புகிறவர், வாங்குகிறவர், தீயணைப்பு வீரர் எல்லோரும் ஒரே மாதிரி படிப்பதற்காக வந்தது. ஸ்டோரில் அடுக்குபவர் அதை மட்டும் நம்பக்கூடாது. ஐஎஸ்ஓ பலகைகளை நல்ல அளவில் வாங்கி மாட்டுங்கள். பிரச்சினை பெரும்பாலும் படத்தில் இல்லை, மோசமான அச்சிலும் தப்பான இடத்திலும்தான்.

---

பழைய_ஃபோர்மேன் எழுதியது:

கோலப்புள்ளி அம்மா, விமான நிலையத்தில் கழிப்பறைப் படத்தைத் தப்பாகப் படித்தால் வெட்கம். காஸ்டிக் சோடா டிரம்மில் தப்பாகப் படித்தால் கண் போகும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

குவைத்தில் சுத்திகரிப்பு ஆலை வேலைகளில் நெடுங்காலம் இருந்தேன். புதிதாக வருகிறவர்களிடம் படத்தை மட்டும் காட்டி "இது என்ன?" என்று கேட்பது என் வழக்கம். அரிக்கும் திரவத்துக்கான படம் இருக்கிறதே, மேலிருந்து சொட்டு விழுந்து கீழே ஒரு கையும் ஒரு உலோகத் துண்டும் கரைகிற மாதிரி, அதைப் பார்த்து அடிக்கடி வந்த பதில்: "கை கழுவுற இடம் சார்." சிரிக்காதீர்கள். குழாயும் கையும் தண்ணீரும் போலத்தானே இருக்கிறது! நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த ஆள் படம் (நாள்பட்ட உடல்நலக் கேடு, புற்றுநோய் போன்றவை) பார்த்தால் "ஹார்ட் பேஷன்ட் வரக்கூடாது". எல்லோரும் கூடி நிற்க வேண்டிய இடத்துக்கான பச்சைப் பலகையில் நான்கு மூலையிலிருந்தும் அம்பு வந்து நடுவில் நிற்கும் ஆட்களைக் காட்டும். அதற்கு ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் சொன்ன பதில், "ஃபேமிலி விசா ஆபீஸ்." ஊர் ஏக்கம் அப்படி.

அமெரிக்காவின் அன்சி இசட்535 தரநிலையில் ஒரு விதி உண்டு. ஒரு குறியீட்டை எழுத்து இல்லாமல் தனியாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், சோதித்துப் பார்த்ததில் 85 சதவீதம் பேர் சரியாகச் சொல்ல வேண்டும். நேர் எதிராகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது விதிதான் எனக்கு முக்கியம். புரியாத ஆள் ஆபத்தில்லை. அவன் நின்று யாரையாவது கேட்பான். தப்பாகப் புரிந்துகொண்டவன் தைரியமாகப் போய்க் கையை நீட்டுவான். உங்கள் பையன் அப்படித்தான்.

---

மருந்துக்கடை_அக்கா எழுதியது:

கை கழுவுற இடம்! சிரித்துவிட்டு அப்புறம் வயிற்றைக் கலக்கியது.

என் பக்கத்துக் கதை சின்னது. ஆன்டிபயாடிக் அட்டைகளில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். 2016இல் மத்திய சுகாதாரத் துறை அதற்கென்றே ஒரு பிரச்சாரம் நடத்தியது. கவுன்டருக்கு வருகிறவர்களிடம் அந்தக் கோட்டைக் காட்டிக் கேட்டால் "டிசைன்தானே?" என்கிறார்கள். படித்தவர்களும்தான். ஒருவர் "சிவப்புக் கோடு போட்ட அட்டை குடும்மா, அதுதான் பவர் ஜாஸ்தி" என்று கேட்டு வாங்கப் பார்த்தார். அவர் கோட்டைக் கவனித்திருக்கிறார், மனதில் பதித்திருக்கிறார், அர்த்தத்தை மட்டும் தானே செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்று, செஞ்சிலுவை. அதை மருத்துவத்துக்கான பொது அடையாளம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு கடை, கிளினிக், ஆம்புலன்ஸ், முதலுதவிப் பெட்டி என்று கண்ட இடத்திலெல்லாம் வரைகிறோம். அது 1864 ஜெனீவா உடன்படிக்கையில் போர்க்களத்துக்காக வந்த பாதுகாப்புச் சின்னம். இந்தியாவில் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. எங்கள் கடைப் பலகையில் பச்சைச் சிலுவைக்கு மாற்றிவிட்டோம். சாயக்கை தம்பி, உங்கள் முதலுதவிப் பெட்டிக்கும் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவைதான் சரி.

---

வன்னிமண் எழுதியது:

அக்கா சொன்ன செஞ்சிலுவைக்கு எங்கட பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: சுடாதே. கூரையில் பெரிதாக வரைந்து வைத்திருந்த மருத்துவமனைகள் மேலும் 2009இல் எறிகணை விழுந்தது. ஐநா நிபுணர் குழுவின் அறிக்கையிலும் இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. குறியீடு புரிந்தால் போதாது, மதிக்கவும் வேண்டும், அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது மிதிவெடிப் பலகைகளைப் பற்றி. சிவப்புப் பலகை, வெள்ளை மண்டையோடு, கீழே இரண்டு எலும்பு, மூன்று மொழியில் எழுத்து. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதன் அர்த்தம் சொல்லும். படம் நல்ல படம் என்பதால் இல்லை. மீள்குடியேற்றக் காலத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். வீதி நாடகம் போட்டார்கள். யுனிசெஃப் உதவியோடு இது பெரிய அளவில் நடந்தது. எதைத் தொடக்கூடாது, வெடிபொருளைக் கண்டால் யாரிடம் சொல்லவேண்டும், வந்த வழியிலேயே எப்படித் திரும்புவது என்பதெல்லாம் சேர்த்துத்தான் அந்த மண்டையோட்டைப் படித்தோம்.

அப்படியும் சிலர் உள்ளே போனார்கள். விறகு எடுக்க, பழைய இரும்பு பொறுக்க. அவர்களுக்குப் பலகை புரியாமல் இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், கையில் காசு இல்லை. இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ஏடுபுரட்டி எழுதியது:

மண்டையோடு வந்துவிட்டதால் சொல்கிறேன். இந்த விவாதத்துக்கு ஈராக்கில் 1971-72இல் நடந்ததைவிடப் பெரிய பாடம் கிடையாது.

வறட்சிக்குப் பிறகு ஈராக் அரசு மெக்சிகோவிலிருந்து விதைக் கோதுமை வரவழைத்தது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெதில் பாதரசம் தடவிய விதை. விதைக்க மட்டும், தின்னக் கூடாது. மூட்டைகளில் எச்சரிக்கை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கறுப்பு வெள்ளையில் மண்டையோட்டுப் படமும் இருந்தது. அந்தப் படம் ஈராக் கிராமத்து விவசாயிக்கு எதையும் சொல்லவில்லை. அடையாளம் தெரிய வேண்டும் என்று விதைக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? கழுவினார்கள். சாயம் போனது. சாயம் போனால் விஷமும் போனது என்று நினைத்தார்கள். சிலர் முதலில் ஆடு கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாதரச விஷம் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதனால் அவை நன்றாகவே இருந்தன. பல இடங்களுக்கு விதை வந்து சேர்ந்தபோது விதைப்புப் பருவமும் முடிந்திருந்தது. ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். அரசுக் கணக்குப்படி 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 459 பேர் இறந்தார்கள்.

எழுத்து, படம், நிறம் என்று மூன்று எச்சரிக்கை இருந்தும் ஒன்றும் வேலை செய்யவில்லை. நிறம் வேலை செய்யாதது மட்டுமல்ல, தைரியமும் கொடுத்துவிட்டது. ஃபோர்மேன் ஐயா சொன்ன 5 சதவீத விதியின் அர்த்தம் இங்கேதான் புரிகிறது.

இனி எதிர்ப்பக்கம். மண்டையோட்டுக்கு முன்பே அர்த்தம் இருந்தால் அதுவும் தொல்லைதான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து பேஸ்பால் அணியின் பெயர் பைரேட்ஸ், கடற்கொள்ளையர். அங்கே குழந்தைகளுக்கு மண்டையோடு என்றால் விளையாட்டு, சாகசம். அதனால் 1971இல் அந்த ஊர் குழந்தைகள் மருத்துவமனையின் விஷ முறிவு மையம் மண்டையோட்டை விட்டுவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு முகத்தைச் சுளிக்கும் பச்சை மூஞ்சி ஒன்றைக் கொண்டுவந்தது.

இதை முன்கூட்டியே யோசித்தவர்களும் உண்டு. உயிரியல் அபாயச் சின்னம், அந்த மூன்று பிறை கொக்கி மாதிரி கோர்த்தது, கொரோனா காலத்துக் குப்பைப் பைகளில் எல்லோரும் பார்த்தது. 1966இல் டவ் கெமிக்கல் என்ற அமெரிக்க நிறுவனத்தில் சார்லஸ் பால்ட்வினும் கூட இருந்தவர்களும் உருவாக்கினார்கள். அவர்களுடைய நிபந்தனை விசித்திரமானது: பார்த்தால் மறக்கக் கூடாது, ஆனால் எந்த அர்த்தமும் தோன்றக் கூடாது. ஆறு வரைவுகளை மற்றப் பிரபலச் சின்னங்களோடு கலந்து மக்களிடம் காட்டி, "இது என்னவாக இருக்கும்?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி காட்டி எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார்கள். அதிகம் ஞாபகம் இருந்தது, குறைவாக அர்த்தம் தோன்றியது எதுவோ அதை எடுத்துக்கொண்டார்கள். காலிப் பாத்திரமாக எடுத்து, அர்த்தத்தைப் பிறகு பாடம் சொல்லி நிரப்பினார்கள்.

---

கோலப்புள்ளி எழுதியது:

ஏடுபுரட்டி, பால்ட்வின் கதை பிடித்தது. ஆனால் அது ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்கு. அங்கே பயிற்சி கொடுக்காமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். தெருவில் போகிறவனுக்குக் காலிப் பாத்திரம் எப்படி உதவும்?

கதிர்வீச்சுச் சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் புள்ளி, சுற்றி மூன்று இதழ். 1946இல் பெர்க்லியில் பிறந்தது, அதுவும் காலிப் பாத்திரம்தான். அதைத் தெரியாதவருக்கு அது மின்விசிறி. அதனால்தானே பின்னால் புதிதாக ஒன்று செய்தார்கள்?

---

ஏடுபுரட்டி எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஆம், 2007இல் வந்தது. அதற்குக் காரணமான கதைகள் பழைய இரும்புக் கடைகளில் நடந்தவை.

1987, பிரேசிலின் கோயானியா. கைவிடப்பட்ட ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை மையத்திலிருந்து கருவியைக் கழற்றிப் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். உள்ளே சீசியம் 137 என்ற கதிரியக்கப் பொருள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தப் பொடியை அதிசயம் என்று உறவினர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். 4 பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. புதுச் சின்னம் வந்த பிறகும் நம் நாட்டில் இதே மாதிரி நடந்தது: 2010, தில்லி மாயாபுரி. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல வருடம் சும்மா கிடந்த கோபால்ட் 60 கருவி ஏலத்தில் பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. பிரித்தவர்களில் ஒருவர் இறந்தார்.

சர்வதேச அணுசக்தி முகமையும் ஐஎஸ்ஓவும் சேர்ந்து கொண்டுவந்த புதுச் சின்னம் சிவப்பு முக்கோணம். மேலே மூவிதழிலிருந்து அலை அலையாகக் கோடுகள் இறங்குகின்றன, கீழே ஒரு பக்கம் மண்டையோடு, இன்னொரு பக்கம் ஓடும் மனிதன், அவன் ஓட வேண்டிய திசைக்கு அம்பு. 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதை வாசலில் மாட்டச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கருவியைத் திருகு கழற்றிப் பிரிக்கத் தொடங்குபவர் கண்ணில் மட்டும் படுகிற மாதிரி உள்ளே, மூடிக்கு அடியில் ஒட்ட வேண்டும். எல்லோருக்கும் எல்லா நேரமும் காட்டினால் கண் பழகிவிடும். தப்பு நடக்கப் போகிற அந்த நொடியில், அந்தக் கைக்கு முன்னால் இருக்க வேண்டும்.

சாயக்கைக்கு இதில் வேலை இருக்கிறது. பெராக்சைடு எச்சரிக்கை ஸ்டோர் வாசலில் வேண்டாம். அது நிற்கிற மேடையின் விளிம்பில் இருக்கட்டும்.

---

நையாண்டி_மேளம் எழுதியது:

ஒரு சோப்புக் கம்பெனி வளைகுடாவில் விளம்பரம் போட்டதாம். இடது பக்கம் அழுக்குத் துணி, நடுவில் சோப்பு, வலது பக்கம் வெள்ளைத் துணி. அங்கே வலமிருந்து இடமாகப் படிப்பார்களா, வெள்ளைத் துணியைச் சோப்புப் போட்டு அழுக்காக்கியதாகப் புரிந்துகொண்டு ஒருத்தரும் வாங்கவில்லையாம் 😄

---

பழைய_ஃபோர்மேன் எழுதியது:

இந்தக் கதையை ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் ஒவ்வொரு கம்பெனி பெயரில் கேட்டிருக்கிறேன். நடந்ததா என்பது சோப்புக்கே வெளிச்சம். ஆனால் உருது, அரபி படிக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் படத்தொடரில் 1, 2, 3 என்று எண் போடுவதோ மேலிருந்து கீழாக அடுக்குவதோ நல்லது. ஒடியா, இந்தி இரண்டும் இடமிருந்து வலம், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

---

களத்துமேடு எழுதியது:

உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவன் நான். நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

பூச்சிமருந்துப் புட்டியில் சாய்சதுரம் ஒன்று இருக்கும், பாதி வெள்ளை, கீழ்ப்பாதி நிறம். 1971 பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. மண்டையோடு சிவப்பில் மட்டும்தான் வரும். மஞ்சளும் நல்ல விஷம், ஆனால் மண்டையோடு இல்லை. "மண்டையோடு இல்லல்ல, அப்ப பரவால்ல" என்று கையால் கலக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை என்றால் பயிருக்கு நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு கூத்து, பச்சைப் புள்ளி சைவம் என்று பிஸ்கட் பாக்கெட்டில் பார்த்துப் பழகிய கண் இது. ஒருவர் என்னிடம் நிஜமாகவே கேட்டார், "இது சைவ மருந்தா?" என்று. அந்தச் சைவ அசைவப் புள்ளியிலேயே நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்குச் சிரமம் என்று, 2020 உணவு லேபிள் விதிகளில் அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்று வடிவத்தையே மாற்றினார்கள். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது சாப்பாட்டுக்குப் புரிந்துவிட்டது, விஷப் புட்டியில் இன்னும் கீழ்ப்பாதி நிறம்தான்.

மண்டையோடு நம் ஊரில் முதலில் எங்கே பார்க்கிறோம்? டிரான்ஸ்ஃபார்மரில். "அபாயம் 11000 வோல்ட்." என் பையன் சின்ன வயதில் மருந்துப் புட்டியைக் காட்டி "அப்பா, இதுல கரண்ட் இருக்கா?" என்றான். அவனுக்கு மண்டையோடு என்றால் ஷாக். வடக்கேயிருந்து வரும் பிள்ளைகளுக்கு அதுவே காளி கழுத்து மாலையாகவும் இருக்கலாம்.

ஆனால் படிப்பில்லாதவர்களுக்குக் குறியீடே புரியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே அம்மை, போகக் கூடாது என்று எந்தப் பலகையும் இல்லாமல் ஊரே படிக்கிறது. நடுரோட்டில் மரக்கிளை கிடந்தால் முன்னால் லாரி பழுதாகி நிற்கிறது என்று ராத்திரியிலும் டிரைவர் படிக்கிறார். இதையெல்லாம் படம் பார்த்துக் கற்கவில்லை. பாட்டி கையைப் பிடித்து இழுத்துச் சொன்னது, கிளீனராக இருந்தபோது டிரைவர் சொன்னது.

கடைசியாக, இதுதான் பெரிய விஷயம். நீல டிரம். சாயப்பட்டறையிலும் மருந்துக் கம்பெனியிலும் காலியான டிரம்மை எங்கே விற்கிறார்கள்? தெருவில். நம் ஊர் வீடுகளில் குடிதண்ணீர் பிடித்து வைப்பது அதில்தான். லேபிள் பாதி கிழிந்து, அந்தக் கை கரையும் படம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தினமும் மொண்டு குளித்துவிட்டு உங்கள் பட்டறைக்கு வருகிறவரிடம் அதே படத்தைக் காட்டி ஆபத்து என்றால் எப்படி நம்புவார்?

---

சாயக்கை எழுதியது:

களத்துமேடு அண்ணா, நீல டிரம் விஷயத்தில் வாயடைத்துப் போனேன். எங்கள் தொழிலாளர் விடுதியில் தண்ணீர் பிடிப்பதே அந்த டிரம்மில்தான். இன்று காலை போய்ப் பார்த்தேன். இரண்டு டிரம்மில் அரிப்புப் படம், ஒன்றில் வட்டத்தோடு கூடிய தீ. தண்ணீருக்குப் புது டிரம் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஃபோர்மேன் ஐயா சொன்னபடி எங்கள் ஆட்களிடமும் படத்தை மட்டும் காட்டிக் கேட்டேன். "கை கழுவுற இடம்" என்பது இந்தியிலும் வந்தது, ஒடியாவிலும் வந்தது, பொள்ளாச்சித் தமிழிலும் வந்தது!

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி. அதற்கு எந்தப் படம்?

---

பழைய_ஃபோர்மேன் எழுதியது:

தம்பி, தொட்டிக்குப் படம் கேட்காதே.

கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. இயற்கை கொடுத்த எச்சரிக்கை, தேவைப்படுகிற நேரத்தில் அணைந்துவிடுகிறது. உள்ளே இறங்கினவன் சுருண்டு விழுவான். மேலே நிற்கிறவன் தம்பியாக இருப்பான், ஒரே ஊர்க்காரனாக இருப்பான், அவன் காப்பாற்ற இறங்குவான். அப்புறம் மூன்றாவது ஆள். பேப்பரில் இந்தச் செய்திகள் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்றே வருவது இதனால்தான். அந்த நேரத்தில் எந்தப் படமும் அவனை நிறுத்தாது, வன்னிமண் சொன்ன விறகுக்குப் போனவர் மாதிரிதான். அவனுக்கு எல்லாம் புரியும், இருந்தும் இறங்குவான்.

அதனால் இரும்புக் கிராதி, பூட்டு. வாயு அளக்கும் கருவி இல்லாமல், ஆளை மேலே தூக்கும் முக்கால் தாங்கியும் கயிறும் மேலே காவலுக்கு ஆளும் இல்லாமல் திறக்கக் கூடாது. பலகை வேண்டுமானால் பூட்டின் மேல் மாட்டிக்கொள். பூட்டு இல்லாத பலகை, நாளைக்கு விசாரணை வந்தால் முதலாளி "நாங்கள் எச்சரித்தோம்" என்று காட்டத்தான் பயன்படும்.

---

கோலப்புள்ளி எழுதியது:

ஐயா சொல்வதற்கு மறுப்பில்லை. தொட்டியை விட்டுவிட்டு ஸ்டோருக்கு மட்டும் என் யோசனை. படத்தால் வித்தியாசம் காட்ட முடியாத இடத்தில் இடத்தால் காட்டுங்கள். பெராக்சைடுக்குத் தனி அறை, அல்லது நடுவில் சுவர். தரையில் பெராக்சைடு பக்கம் பட்டைக் கோடு, ஹைட்ரோஸ் பக்கம் புள்ளி. டின்னிலும் கேனிலும் அதே பட்டை, அதே புள்ளி உள்ள ஸ்டிக்கர். கோடு கோட்டோடு, புள்ளி புள்ளியோடு. நிறம் தெரியாதவருக்கும் இது வேலை செய்யும். பட்டைக்கு ஆபத்து என்ற அர்த்தமே தேவையில்லை, சேர்ப்பதற்கான அடையாளம் மட்டும். உங்கள் பையன் படத்தை வைத்துப் பொருத்தியவன்தானே, அந்தத் திறமைக்கே வேலை கொடுங்கள். ஏடுபுரட்டியின் காலிப் பாத்திரத்துக்கு இந்த ஒரு இடத்தில் நான் சம்மதம்.

---

மருந்துக்கடை_அக்கா எழுதியது:

ஹைட்ரோஸ் பக்கத்தில் ஈர முகவை (பொடி அள்ளும் கரண்டி), ஈரக் கையுறை வராமல் இருக்க என்ன செய்வீர்கள்? அங்கேயே ஒரு உலர்ந்த முகவையைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள் தம்பி. "ஈரம் கூடாது" என்று படம் வரைவதைவிட அது சுலபம்.

---

சாயக்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் பேசியாகிவிட்டது. முடிவானவை இவை.

பெராக்சைடு பின்பக்க ஷெட்டுக்குப் போகிறது. கோடும் புள்ளியும் போடப் பெயின்டர் நாளை வருகிறார். சங்கிலி முகவை இன்றே தொங்குகிறது. பலகைகளில் படமும் இருக்கும், தமிழ், இந்தி, ஒடியா எழுத்தும் இருக்கும். ஒடியா வாசகத்தை எங்கள் ஜிக்கர் (துணிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரம்) ஆபரேட்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். நான் இணையத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்ததைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், அதை மாட்டாமல் விட்டது நல்லது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே படத்தைக் காட்டி அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுப்பார், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. காலி டிரம்மை லேபிள் உரித்து, ஓட்டை போட்டபின்தான் வெளியே விடுவோம். இதற்கு முதலாளி முகம் கொஞ்சம் சுருங்கியது, ஓட்டை டிரம்முக்கு விலை இல்லையே.

தொட்டிக்குக் கிராதி அளவெடுத்துவிட்டார்கள்.

---

பழைய_ஃபோர்மேன் எழுதியது:

பூட்டுச் சாவி யாரிடம்?

---

சாயக்கை எழுதியது:

என்னிடம் ஒன்று, மேனேஜரிடம் ஒன்று.

---

பழைய_ஃபோர்மேன் எழுதியது:

நைட் ஷிஃப்டில் தொட்டிப் பம்ப் அடைத்துக்கொண்டால்? நீயும் இருக்க மாட்டாய், மேனேஜரும் இருக்க மாட்டார். சுத்தியல் எடுத்துப் பூட்டை உடைப்பான்.

---

சாயக்கை எழுதியது:

அதையும் பேசினோம் ஐயா. அடைத்தால் அந்த லைனை நிறுத்திவிட்டுக் காலை வரை காத்திருக்க வேண்டும். உற்பத்தி போனதற்கு ஷிஃப்ட் சூப்பர்வைசரைக் கேள்வி கேட்க மாட்டோம் என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளைத்தான் இப்போது லேமினேட் செய்து சூப்பர்வைசர் மேசைக்கு மேல் ஒட்டப் போகிறேன்.